ஆடைக்கு லேஸ் வைத்துத் தைத்தல்



தையல் என்றவுடன் துணியை வெட்டுவதும் இணைப்பதுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓர் ஆடை முடிந்த ஆடையாகத் தோன்றுவதும் அரைகுறையாகத் தோன்றுவதும் அதன் ஓரத்தைப் பொறுத்தே இருக்கின்றன. அந்த ஓரத்தை அழகு செய்ய நம் வீட்டுப் பெண்கள் பெரிதும் நாடுவது லேஸ். சிறுமியின் கவுன், பாவாடையின் அடி ஓரம், ரவிக்கையின் கை, தலையணை உறை என்று லேஸ் இடம் பெறாத வீடு அரிது. அதை ஆடையில் எவ்வாறு வைத்துத் தைப்பது என்பதை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

“ஓரத்தில் ஒரு நாடாவை வைத்து ஓட்டுவதற்கு ஒரு பாடமா?” என்று சிலர் எண்ணக் கூடும். தீபாவளிக்குத் தைத்த புதுக் கவுனை முதல் முறை துவைத்து எடுத்த பிறகு பாருங்கள். சில கவுன்களின் ஓரம் சுருண்டு, நெளிந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அந்த நெளிவு போகாது. துணியும் நல்ல துணி, லேஸும் விலை கொடுத்து வாங்கியதுதான். ஆயினும் ஒரு நாள் உடுத்திய உடுப்பு மறுநாள் பெட்டிக்குள் போய்விடுகிறது. வீட்டுச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று. அக்கம் பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்து நாலு வெள்ளி சம்பாதிக்கும் சகோதரிகளுக்கோ இது இன்னும் பெரிய இழப்பு. ஓரம் நெளிந்த உடுப்பைப் பார்த்தவர் அடுத்த பண்டிகைக்கு வேறு வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

இந்தக் குறை எங்கிருந்து வருகிறது? தைப்பவரின் கை ஓட்டத்தில் குறை இருப்பது அபூர்வம். லேஸின் இயல்பை அறியாமல் அதை இழுத்துத் தைப்பதுதான் காரணம். ஆகவே முதலில் லேஸ் என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

சாதாரணத் துணியில் நெடுக்கும் குறுக்குமாக நூல்கள் நெருங்கி நிற்கின்றன. லேஸில் அப்படியில்லை. நூலைச் சுற்றியும் முறுக்கியும் முடிந்தும், இடையிடையே துளைகளை விட்டு உருவாக்கப்படுவது அது. லேஸ் என்ற சொல்லே, கண்ணி அல்லது சுருக்குக் கயிறு என்று பொருள்படும் பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும். துளைகள் நிறைந்த பொருள் என்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஒரு முழ லேஸை எடுத்து இரு முனையையும் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். துளைகள் ஒடுங்கி லேஸின் அகலம் குறையும், நீளம் கூடும். இந்தச் சிறு சோதனையை மனத்தில் வைத்துக் கொண்டால் பின்னர் சொல்லப்போகும் எல்லாம் எளிதாக விளங்கும்.

லேஸுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரத்தார் ஊசியாலேயே லேஸ் பின்னிப் புகழ் பெற்றனர். பெல்ஜியம் அமைந்துள்ள பகுதியில், நூல் சுற்றிய சிறு கட்டைகளைத் தலையணை மேல் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் முறை வளர்ந்தது. கையால் பின்னிய லேஸ் மிகுந்த விலை பெற்றதால் அரசர்களும் செல்வர்களுமே அதை அணிந்தனர். 1809-ஆம் ஆண்டில் ஜான் ஹீத்கோட் என்னும் ஆங்கிலேயர் வலைபோன்ற துணியை உருவாக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தங்கள் பிழைப்புக்கு ஆபத்து என்று அஞ்சியவர்கள் 1816-இல் அவருடைய தொழிற்கூடத்துக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தெறிந்த நிகழ்ச்சியும் உண்டு. ஆயினும் இயந்திரம் நிலைத்தது. அரசர் கழுத்தில் கிடந்த லேஸ் நம் வீட்டுப் பிள்ளையின் கவுனுக்கு வந்து சேர்ந்ததும் அதனால்தான்.

நம் தமிழ் மக்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தொழில் அவ்வட்டாரம் முழுவதும் பரவியது. லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமை நிலையிலிருந்து தங்களை விடுவித்துக்கொண்ட பெண்களும் இருந்தனர் என்று அக்காலச் சமயப் பணியின் வரலாறு கூறுகிறது. ஊசியும் நூலும் பெண்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நாம் வாழும் இந்த மண்ணிலும் லேஸ் புதிதல்ல. மலாய் மொழியில் லேஸை ‘ரெண்டா’ என்பர். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல் அது. இலங்கைத் தமிழர் லேஸை ‘ரேந்தை’ என்று வழங்குவதும் அதே சொல்லிலிருந்து பிறந்ததுதான். மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த பாபா நோன்யா சமூகத்துப் பெண்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த லேஸை மெல்லிய வெண்துணியில் வைத்துத் தைத்துக் கெபாயா அணிந்தனர். அந்தக் கெபாயாவை, புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூட்டாக முன்மொழிய, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இனி, கடைக்குச் செல்வோம். கடையில் மூன்று வகை லேஸ் கிடைக்கும். ஒரு விளிம்பு நேராகவும் மறு விளிம்பு அலை அலையாகவும் இருப்பது ஓரத்துக்கான லேஸ். இரு விளிம்பும் நேராக இருப்பது இரண்டு துணிகளுக்கு நடுவில் வைக்கும் லேஸ். இரு விளிம்பும் அலையாக இருப்பது துணியின் மேல் பதித்துத் தைப்பதற்கு உரியது. எந்த இடத்துக்கு எந்த லேஸ் என்பதை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்ததாக, அது பருத்தியா, நைலான் அல்லது பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையா என்று பார்க்க வேண்டும். கடைக்காரருக்கே சில வேளைகளில் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறு நூலைப் பிரித்து, இடுக்கியால் பிடித்து, தீயில் காட்டுங்கள். பருத்தி தாள் எரிவது போன்ற மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான சிறு மணியாகத் திரளும். இதைப் பெரியவர்கள்தாம் செய்ய வேண்டும். பிள்ளைகளிடம் விடக் கூடாது.

இந்தச் சோதனை ஏன் என்று கேட்கலாம். பருத்தி நூலை ஆலையில் இழுத்துப் பிடித்த நிலையில்தான் துணியாகவும் லேஸாகவும் ஆக்குகிறார்கள். அதில் தண்ணீர் பட்டவுடன் நூல் பருத்து, இழுப்பு விடுபட்டு, நீளத்தில் குறைகிறது. இதையே சுருக்கம் என்கிறோம். செயற்கை இழை வெறுந்தண்ணீரில் அவ்வாறு சுருங்குவதில்லை. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சிறுமியின் கவுன் ஒன்றின் அடிச்சுற்று 60 அங்குலம் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் 3 அங்குலம் குறையும். துவைக்காத பருத்தி லேஸை, ஏற்கெனவே துவைத்த துணியில் தைத்தால், முதல் சலவையில் லேஸ் மட்டும் 3 அங்குலம் உள்ளே இழுக்கும். பாவம், துணி எங்கே போகும்? சுருங்கி நெளியும். செயற்கை லேஸை, துவைக்காத பருத்தித் துணியில் தைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். துணி சுருங்கும், லேஸ் தளர்ந்து அலை அலையாகத் தொங்கும். நினைவில் கொள்ளுங்கள்: லேஸ் சுருங்கினால் துணி நெளியும், துணி சுருங்கினால் லேஸ் நெளியும்.

ஆகவே ஊசியை எடுக்கும் முன் வாளியை எடுங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் நம் முன்னோர். நாம் புதியதையும் கசக்கித்தான் தைக்க வேண்டும். துணியையும் லேஸையும் தனித்தனியே, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, முறுக்கிப் பிழியாமல் எடுத்து, நிழலில் காய விடுங்கள். லேஸைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனமே அதை இழுத்துவிடும். ஒரு துண்டின் மேல் பரப்பி வைப்பதே நல்லது. காய்ந்த பிறகு, அலங்காரம் கீழே இருக்குமாறு துண்டின் மேல் கவிழ்த்து இஸ்திரி போடுங்கள். செயற்கை லேஸாக இருந்தால் சூடு குறைவாக இருக்க வேண்டும். சூடான இஸ்திரி அதை உருக்கிவிடும். சாயத் துணியாக இருந்தால் இந்த ஊறலிலேயே சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும். சிவப்புச் சாயம் வெள்ளை லேஸில் ஏறிய பிறகு வருந்திப் பயனில்லை.

எத்தனை கெஜம் வாங்குவது? மேலே சொன்ன 60 அங்குல அடிச்சுற்றையே எடுத்துக் கொள்வோம். சுருக்கு வைக்காமல் நேராகத் தைக்க 60 அங்குலம், சுருக்கத்துக்கு 3, முனைகளை இணைக்க 1, ஆக மொத்தம் 64 அங்குலம். இரண்டு கெஜம் என்பது 72 அங்குலம். அது தாராளமாகப் போதும். சுருக்கு வைத்துத் தைப்பதானால் ஒன்றரை மடங்கு வேண்டும். 90 அங்குலம், சுருக்கத்துக்கு ஏறத்தாழ 5, இணைப்புக்கு 1, மொத்தம் 96. இரண்டே முக்கால் கெஜம் கேட்டு வாங்குங்கள். லேஸ் மிக மெல்லியதாக இருந்தால் இரண்டு மடங்கு வைத்தால்தான் சுருக்கு நிறைந்து நிற்கும். மீட்டர் கணக்கில் விற்கும் கடையில், ஒரு மீட்டர் ஒரு கெஜத்தைவிட மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது தைக்கத் தொடங்குவோம். துணியின் ஓரத்தை முதலில் மடித்துத் தைத்து முடித்துவிடுங்கள். கவுனை மடியில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள். மேசை மேல், அல்லது பாய் விரித்த தரையில் பரப்பி வையுங்கள். அடிச்சுற்றை நான்கு சம பங்காகப் பிரித்து, நான்கு இடங்களில் நிற நூலால் ஓர் அடையாளம் போடுங்கள். லேஸையும் அதே போல நான்கு பங்காக்கி அடையாளம் இடுங்கள். அடையாளத்தோடு அடையாளம் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். லேஸின் தொடக்கமும் முடிவும் முன்பக்கம் வராமல், பக்கத்துத் தையலின் மேல் வருமாறு பார்த்துக் கொள்ளுங்கள்.

நான்கு இடத்தில் பொருந்திய பின், இடைப்பட்ட பகுதியை இரண்டு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி வீதம் குத்துங்கள். ஊசி ஓரத்துக்குக் குறுக்காக இருக்கட்டும். லேஸின் நேர் விளிம்பு துணியின் ஓரத்தின் மேல் கால் அங்குலம் ஏறி இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் கை தன்னையறியாமல் லேஸை இழுக்கும். இழுக்காதீர்கள். லேஸ் துணியின் மேல் தானாகப் படுத்துக் கிடக்க வேண்டும். சற்றுத் தளர்வாக இருந்தாலும் பாதகமில்லை. தளர்வு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும், இழுப்பு ஒருநாளும் மறையாது.

பிறகு, கழற்றி எடுப்பதற்கென்றே நீள நீளமாக ஒரு தற்காலிகத் தையலை ஓட்டி, குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடம் மிச்சம் என்று எண்ணிப் பின்னர் ஒரு மணி நேரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கையால் தைப்போர் ஒன்பது அல்லது பத்தாம் எண் மெல்லிய ஊசியைப் பயன்படுத்தலாம். லேஸின் நிறத்தையொத்த நூல் வேண்டும். லேஸின் விளிம்பில் கனமாக ஓடும் நூலைப் பிடித்து, துணியின் ஓரத்தோடு சேர்த்து, சிறு சிறு சுற்றுத் தையலாகப் போட்டுச் செல்லுங்கள். துளையில் குத்தினால் தையலுக்குப் பிடிமானம் இராது. இயந்திரத்தில் தைப்போர் மெல்லிய ஊசியைப் பொருத்தி, அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் விழுமாறு வைத்து, மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்திக் கொள்ளுங்கள். முதலில் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். லேஸ் இயந்திரத்தின் பற்களில் சிக்கினால் மெல்லிய தாள் ஒன்றை அடியில் வைத்துத் தைத்து, பின்பு தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். துணியை இயந்திரமே நகர்த்தட்டும். நம் கை வழிகாட்டினால் போதும்.

சுருக்கு வைப்போர், லேஸின் நேர் விளிம்பையொட்டி, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை நீளத் தையல் ஓட்டி, நூல் முனைகளைப் பற்றி மெல்லச் சுருக்க வேண்டும். நான்கு பங்கு அடையாளம் இங்கே மிகவும் கைகொடுக்கும். ஒரு பக்கம் கூட்டமாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் போகாமல் சுருக்கு எங்கும் ஒரே சீராக நிற்கும்.

வளைவான இடத்துக்கு வருவோம். சிறுமியின் வட்டக் கழுத்துப்பட்டையில் லேஸ் வைத்தால் சிலருக்கு அது கிண்ணம்போல் மேலே மடங்கிக் கொள்ளும். இதற்கு விடை நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் அங்குல அகலமுள்ள லேஸ் ஒரு முழு வட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக விரியும்போது, அதன் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட ஏறத்தாழ ஆறேகால் அங்குலம் நீளமாக இருக்க வேண்டும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. அந்த ஆறேகால் அங்குலத்தை நாம் கொடுக்காவிட்டால் லேஸ் தானே மடங்கிக் கொள்ளும். ஆகவே கழுத்துப்பட்டைக்கு வேண்டிய லேஸில் குறைந்தது அந்த அளவைக் கூடுதலாக வைத்து, உள் விளிம்பில் மட்டும் சுருக்கிக் கொள்ளுங்கள். சதுர மூலையிலும் இதே விதிதான். மூலையில் லேஸின் அகலத்தைப்போல் இரு மடங்கு கூடுதலாக விட்டு, அதை மூலைவிட்டமாக மடித்துத் தைத்தால் வெளி விளிம்பு தட்டையாகப் படியும்.

முனைகளை இணைக்கும்போது நேராக வெட்டி ஒட்ட வேண்டாம். ஒரு பூவின் மேல் அதே பூ படியுமாறு வைத்து, பூவின் ஓரத்தைச் சுற்றித் தைத்து, மிச்சத்தை நுனிக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இணைப்பு எங்கே என்று தைத்தவருக்கே தெரியாது.

வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னும் ஒரு யோசனை. பள்ளி வயதுச் சிறுமி ஓர் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளர்வாள். சென்ற ஆண்டுக் கவுன் உடம்புக்குச் சரியாக இருந்தாலும் நீளம் போதாது. அடி ஓரத்துக்கு நான்கு அங்குலம் மேலே கவுனைச் சுற்றிலும் வெட்டுங்கள். வெட்டிய இரு ஓரத்தையும் கால் அங்குலம் உட்புறம் மடித்து, நடுவில் இரண்டரை அங்குல அகலமுள்ள, இரு விளிம்பும் நேரான லேஸை வைத்து, இரு பக்கமும் கால் அங்குலம் ஏற்றித் தையுங்கள். மடிப்பும் தையலும் போக ஒன்றரை அங்குலம் நீளம் கூடும். பழைய கவுன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். பலமுறை துவைத்த பழைய துணி இனிச் சுருங்காது. புதிய பருத்தி லேஸோ சுருங்கும். எனவே லேஸை மட்டுமாவது முன்கூட்டியே ஊற வைப்பது இங்கு மிக அவசியம்.

நம் நாட்டு வெயிலில் வேர்வை அதிகம். சொரசொரப்பான நைலான் லேஸ் கழுத்திலும் அக்குளிலும் பட்டால் குழந்தையின் தோல் சிவந்து அரிக்கும். அந்த இடங்களில் பருத்தி லேஸையே வைக்கலாம். இல்லையேல் உட்புறம் மெல்லிய பருத்திப் பட்டை ஒன்றைக் கொடுத்துத் தைக்கலாம். அழகுக்காகப் பிள்ளையை வருத்தக் கூடாது அல்லவா?

தைத்து முடித்த ஆடையைத் துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிக் கையால் கசக்குங்கள். இயந்திரத்தில் போடுவதானால் ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிப் போடுங்கள். மற்ற உடுப்புகளின் கொக்கியும் பொத்தானும் லேஸின் துளையில் மாட்டிக் கிழிக்காது.

நேயர்களே, இன்று நாம் கண்டவற்றைச் சுருக்கமாக மீண்டும் சொல்கிறோம். தைக்கும் முன் துணியையும் லேஸையும் ஊற வைத்துக் காய வைப்பது முதல் வேலை. அளந்து, நான்கு பங்காகப் பிரித்துப் பொருத்துவது இரண்டாவது. வளைவுக்கும் மூலைக்கும் கூடுதல் லேஸ் கொடுப்பது மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நிலையிலும் லேஸை இழுக்காமல் இருப்பது.

வீட்டில் பெண் பிள்ளைகள் மட்டுமன்றி ஆண் பிள்ளைகளும் இருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். 60 அங்குலத்தை நான்காகப் பிரிக்கவும், ஒன்றரை மடங்கு கணக்கிடவும் அவர்கள் கற்றுக் கொள்ளட்டும். கணக்கும் வரும், கைத்தொழிலும் வரும். வரும் பண்டிகைக்கு நீங்கள் தைக்கும் கவுன் ஒரு நாளோடு பெட்டிக்குள் போகாமல், அக்காளுக்குச் சிறிதான பின் தங்கைக்கும் உதவட்டும்.